இடைக்கால ஐரோப்பாவின் நிலமானியச் சொற்கள்: புதிதாகப் படிக்க வருபவருக்கு ஒரு வழிகாட்டி

ஃபீஃப், வாஸல், ஹோமேஜ், மேனர், செர்ஃப். இந்த ஐந்தையும் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தத் தைரியத்தில் 13ஆம் நூற்றாண்டு ஆவணம் ஒன்றின் மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தால் மூன்றாவது வரியில் தடுக்கிவிடும். அங்கே ரிலீஃப் என்றால் நிவாரணம் அல்ல. ஃபைன் என்றால் அபராதம் அல்ல. ஃபார்மர் என்றால் உழவர் அல்ல. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல்போல வருவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

அருஞ்சொல் பட்டியலை அகர வரிசையில் படிப்பதில் பயனில்லை. இந்தச் சமூகத்தின் சொற்களில் பெரும்பாலானவை கொடுக்கல் வாங்கலின் பெயர்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: யார் கொடுக்கிறார், யாருக்கு, எதை, எப்போது. ஒரு சொல்லுக்கு நான்கு கட்டமும் நிரம்பினால் அது புரிந்துவிட்டது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் புரியவில்லை என்று பொருள். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பத்துப் பன்னிரண்டு நாளில் கீழே உள்ளவற்றை முடித்துவிடலாம்.

1. முதலில் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள்

‘ஐரோப்பாவில்’ என்று தொடங்கும் எந்த விளக்கத்தையும் சந்தேகத்தோடு படியுங்கள். பிரான்சில் பிரபுவின் ஆலை, அடுப்பு, திராட்சைச் செக்கு ஆகியவற்றைத்தான் ஊரார் பயன்படுத்தவேண்டும் என்ற கட்டாயத்துக்கு பனாலிதே என்று பெயர். கத்தலோனியாவில் நிலத்தை விட்டுப் போகக் குடியானவர் கட்டவேண்டிய மீட்புப் பணம் ரெமென்சா. அது 1486இல் குவாதலூப்பே தீர்ப்பால் ஒழிந்தது. ஜெர்மன் பகுதிகளில் மினிஸ்டீரியாலிஸ் என்று ஒரு வகையினர் உண்டு. குதிரையேறிப் போரிடுவார்கள், கோட்டையைக் காப்பார்கள், ஆனால் சட்டப்படி சுதந்திரமற்றவர்கள். ‘வீரன் மேலே, அடிமை கீழே’ என்ற பிரமிடுப் படத்தில் இவர்களை எந்தப் படியில் வைப்பது?

அதனால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். 1066க்கும் 1350க்கும் இடைப்பட்ட இங்கிலாந்து நல்ல தேர்வு. ஆவணங்கள் மிகுதி, கட்டணங்கள் எண்ணாகக் கிடைக்கின்றன. இந்த வழிகாட்டியும் அங்கேயே நிற்கிறது.

ஆண்டும் முக்கியம். 1086இல் தொகுக்கப்பட்ட நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே பதிவேட்டில் வில்லானுஸ் என்றால் ஊரில் நிலம் வைத்திருக்கும் சாதாரணக் குடியானவர். 1250இல் வழக்குமன்றத்தில் வில்லெய்ன் என்றால் அரசரின் நீதிமன்றத்தில் தன் பிரபுமீது நிலத்துக்காக வழக்குப் போட முடியாத சுதந்திரமற்றவர். சொல் ஒன்று, நிலை வேறு. அதேபோல் 1086இன் செர்வி நிஜமான அடிமைகள். பதிவான ஆட்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பிற்காலத்து செர்ஃப் அந்த வகை அல்ல. (இந்த வில்லானுஸ்தான் பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக வசவாகி, கடைசியில் நம் சினிமா வில்லனாக வந்து நிற்கிறார். பாவம், கிராமத்து மனிதர்.)

‘ஃப்யூடலிசம்’ என்ற சொல்லே அந்தக் கால மக்களுக்குத் தெரியாது. அது பின்னால் வந்தவர்கள் ஒட்டிய சீட்டு. அதை அப்படியே பயன்படுத்துவதை 1974இல் எலிசபெத் பிரவுன் என்ற வரலாற்றாசிரியர் கடுமையாகக் கேள்வி கேட்டார். அதன் பிறகு பலரும் அதைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆவணத்தில் அந்தச் சொல்லைத் தேடாதீர்கள், கிடைக்காது.

2. இரண்டு ஏணிகளைப் பிரியுங்கள்

குழப்பத்தில் பாதி இந்த இடத்தில் தீரும். மேல் ஏணி பிரபுவுக்கும் வாஸலுக்கும் இடையிலானது. இருவரும் சுதந்திரமானவர்கள், மரியாதைக்குரியவர்கள். வாஸல் கொடுப்பது படைச்சேவை, பெறுவது நிலம்; அந்த நிலம்தான் ஃபீஃப். கீழ் ஏணி மேனர் எனும் நில நிர்வாக அலகின் பிரபுவுக்கும் அந்த மண்ணை உழுபவருக்கும் இடையிலானது. அங்கே கொடுப்பது உழைப்பு, தானியம், காசு.

ஒரு சொல் வந்ததும் எந்த ஏணி என்று எழுதுங்கள். ஹோமேஜ், ரிலீஃப், வார்ட்ஷிப், ஸ்கூட்டேஜ் மேல் ஏணி. ஹேரியட், மெர்செட், டாலேஜ், வார வேலை கீழ் ஏணி. இவற்றின் பொருள் அடுத்த பகுதிகளில் வரும். குடியானவரை வாஸல் என்று எழுதினால் இரண்டு ஏணியும் ஒன்றாகிவிடும். தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை இது. வாஸலைச் சிற்றரசர் என்று மொழிபெயர்ப்பதும் சரிவராது. ஒரே ஒரு மேனரைப் பெற்று வாழும் குதிரைவீரரும் வாஸல்தான்.

ஃபீஃபை ஜமீன் என்று எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். 1793க்குப் பிந்தைய ஜமீன்தார் வரி வசூலித்து ஆங்கில அரசுக்குத் தொகை கட்டியவர். ஃபீஃப் பெற்றவரின் முதற்கடன் தொகை அல்ல, சேவை. மானியம் என்ற சொல் பொருளால் நெருங்கியதுதான், ஊழியத்துக்காக விடப்பட்ட நிலம். ஆனால் இன்றைய வாசகர் காதில் அது உர மானியமாகவும் எரிவாயு மானியமாகவும் விழும். ஃபீஃப் என்றே எழுதிவிடுவது மேல்.

3. மேல் ஏணி: ஒருவர் இறந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள்

ஃபீஃப் சொற்களைத் தனித்தனியாகப் படித்தால் மறக்கும். ஒரு சாவின் வரிசையில் வைத்துப் படித்தால் நிற்கும்.

அரசரிடம் நேராக நிலம் பெற்றவர் இறக்கிறார். முதலில் ரிட் எனப்படும் அரசாணை எஸ்கீட்டர் என்ற அதிகாரிக்குப் போகிறது. அவர் அந்தப் பகுதி ஆட்களை நடுவர்களாகக் கூட்டிச் சத்தியம் வாங்கி விசாரிக்கிறார்: இறந்தவர் வைத்திருந்த நிலம் எவ்வளவு, யாரிடமிருந்து, என்ன சேவைக்கு, ஆண்டு மதிப்பு என்ன, என்று இறந்தார், வாரிசு யார், வயது என்ன. இந்த விசாரணை அறிக்கைகள் ஏறத்தாழ 1236 முதல் கிடைக்கின்றன. அரசரின் நேரடிக் குடிகளுக்கு மட்டுமே இது. இடைநிலைப் பிரபுவின் கீழிருந்த சிறியவர்களை இதில் தேடிக் களைக்க வேண்டாம்.

ஒரு பொறி: வாரிசின் வயது ‘21ம் அதற்கு மேலும்’ என்று எழுதியிருக்கும். ஆளுக்கு ஐம்பது வயதாகவும் இருக்கலாம். உரிய வயது வந்துவிட்டதா என்பதுதான் அவர்களுக்குத் தேவை, பிறந்தநாள் அல்ல.

வாரிசு வயது வந்தவரானால் அவர் கட்டுவது ரிலீஃப், அதாவது தந்தையின் நிலத்தைக் கைக்கொள்ளக் கொடுக்கும் தொகை. 1215ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டாவின் இரண்டாம் பிரிவு இதற்கு உச்சவரம்பு வைத்தது: ஏர்ல் அல்லது பாரன் எனும் பெரும்பிரபுவின் வாரிசுக்கு 100 பவுண்டு, ஒரு முழு நைட் ஃபீக்கு (ஒரு குதிரைவீரரின் சேவைக்காக விடப்பட்ட நிலம்) 100 ஷில்லிங். பாரனின் தொகை 1297 மறுவெளியீட்டில் 100 மார்க்காகக் குறைந்தது. 100 ஷில்லிங் என்றால் 1,200 பென்னி. 1300 வாக்கில் சாதாரணக் கூலியாளின் நாட்கூலி சுமார் ஒன்றரை பென்னி. ஒரு குதிரைவீரரின் மகன் அப்பாவின் நிலத்தில் கால்வைக்கக் கட்டிய பணம் ஒரு கூலியாளின் 800 நாள் உழைப்பு.

பிறகு ஹோமேஜ். வாரிசு வாளைக் கழற்றி, தலையைத் திறந்து, மண்டியிட்டு, நாம் கும்பிடுவதுபோல் இரு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டுவார். பிரபு தன் இரு கைகளுக்குள் அவற்றைப் பொதிந்துகொள்வார். ‘உங்கள் ஆளாகிறேன்’ என்பது இதன் சாரம். ஃபீல்ட்டி வேறு சடங்கு: நற்செய்தி நூல்மீது கைவைத்துச் செய்யும் விசுவாசச் சத்தியம். ஹோமேஜ் செய்தவர் ஃபீல்ட்டியும் செய்வார். ஃபீல்ட்டி மட்டும் செய்பவர்களும் உண்டு. குடியானவர்கூட மேனர் மன்றத்தில் ஃபீல்ட்டி செய்வார். ஆகவே இரண்டையும் ஒரே சொல்லாக மொழிபெயர்த்தால் ஆள் யார் என்பதே மாறிவிடும்.

ஒருவர் மூன்று பிரபுக்களிடம் நிலம் பெற்றிருந்தால்? அப்போது லீஜ் பிரபு என்ற சொல் வரும். மூவரும் மோதிக்கொண்டால் யார் பக்கம் முதலில் நிற்கவேண்டுமோ அவர். இங்கிலாந்தில் யாருக்கு ஹோமேஜ் செய்தாலும் அரசருக்கான விசுவாசம் விலக்கி வைக்கப்படும்.

இவ்வளவும் முடிந்தபின் கிடைப்பது சீசின். இதற்குச் ‘சொந்தம்’ என்று எழுதாதீர்கள். நம் நிலப் பத்திரங்களில் வரும் அனுபோகம் என்ற சொல் நெருக்கமாகப் பொருந்தும். புதிதாக ஒருவருக்கு நிலம் கொடுக்கும்போது ஒரு மண்கட்டியையோ மரக்கிளையையோ அந்த இடத்திலேயே கையில் கொடுத்து அனுபோகத்தை மாற்றுவார்கள். பத்திரம் அதற்குச் சாட்சி மட்டுமே.

வாரிசு சிறுவனானால் கதை வேறு. 21 வயது வரை நிலமும் சிறுவனும் பிரபுவின் பொறுப்பில், இதுதான் வார்ட்ஷிப். நிலத்தின் வருமானத்தைப் பிரபு எடுத்துக்கொள்வார், பிள்ளைக்குப் படியளப்பார். ‘மேரேஜ்’ என்று கணக்கில் தனி வரி வந்தால் கல்யாணச் செலவு என்று நினைக்காதீர்கள். அந்தப் பிள்ளையை யாருக்கு மணமுடிப்பது என்று முடிவு செய்யும் உரிமை அது, வெளியாருக்கு விற்கவும் படும். மேக்னா கார்ட்டா போட்ட கட்டுப்பாடு, தகுதிக்குக் குறைந்த இடத்தில் கட்டிவைக்கக் கூடாது என்பதுதான்.

இதில் ஒரு கொக்கி. ஒருவர் பத்து மேனர்களை வேறு பிரபுக்களிடம் பெற்றிருந்தாலும், படைச்சேவைக்காக அரசரிடம் நேராக ஒரே ஒரு ஏக்கர் வைத்திருந்தால் போதும், பத்தின் வார்ட்ஷிப்பும் அரசருக்குப் போய்விடும். பெரிய குடும்பத்தின் நிலங்கள் ஏன் திடீரென அரசர் கணக்கில் தோன்றுகின்றன என்று விழித்தால் இந்த ஒரு ஏக்கரைத் தேடுங்கள்.

விதவைக்குக் கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வாழ்நாள்வரை, பெயர் டவர். அது பிரிக்கப்படும்வரை 40 நாள் கணவன் வீட்டில் இருக்கலாம். ஆண் வாரிசு இல்லாமல் மகள்கள் இருந்தால் சமமாகப் பிரியும். ஒரு நைட் ஃபீயில் இருபதில் ஒரு பங்கு போன்ற விநோதப் பின்னங்கள் பெரும்பாலும் இப்படிப் பாகம் பிரிந்தும் கைமாறியும் வருபவை. வாரிசே இல்லாவிட்டாலோ, ஃபெலனி எனும் பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றாலோ நிலம் பிரபுவுக்கே திரும்பும், அது எஸ்கீட். பெருங்குற்றமானால் ஓராண்டும் ஒரு நாளும் அரசர் அனுபவித்துவிட்டுத்தான் பிரபுவிடம் விடுவார். ராஜத்துரோகமானால் பிரபுவுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் அரசருக்கு.

4. ஆள் உயிரோடு இருக்கும்போது கொடுப்பவை

முதன்மையானது 40 நாள் படைச்சேவை. அதற்குப் பதில் காசு கட்டினால் ஸ்கூட்டேஜ். 1214இல் ஒரு நைட் ஃபீக்கு 3 மார்க் கேட்கப்பட்டது, அதாவது 40 ஷில்லிங். கால் நைட் ஃபீ வைத்திருப்பவர் 10 ஷில்லிங் கட்டுவார், அவர் இறந்தால் மகனின் ரிலீஃப் 25 ஷில்லிங். பின்னத்தைப் பெருக்கினால் போதும். கால் குதிரையைப் போருக்கு அனுப்ப முடியாது என்பதால் காசு வழக்கம் தானாகவே பெருகியது.

எய்ட் என்பது உதவிதான், ஆனால் மறுக்க முடியாத உதவி. மூன்று தருணங்களுக்கு யாரையும் கேட்காமல் வாங்கலாம்: பிரபு சிறைப்பட்டால் மீட்க, மூத்த மகனை நைட் ஆக்க, மூத்த மகளை முதல்முறை மணமுடிக்க. பின் இரண்டுக்கும் 1275ஆம் ஆண்டுச் சட்டம் நைட் ஃபீக்கு 20 ஷில்லிங் என்று வரையறுத்தது.

எல்லா நிலமும் படைச்சேவைக்கு அல்ல. சார்ஜென்டி குறிப்பிட்ட ஊழியத்துக்கு. சோக்கேஜ் நிர்ணயித்த வாடகைக்கு. அங்கே படைச்சேவை வார்ட்ஷிப் கிடையாது, சிறுவன் 14 வயதுவரை நிலத்துக்கு வாரிசாக முடியாத நெருங்கிய உறவினர் பொறுப்பில் இருப்பான். ஃப்ராங்கால்மொய்ன் மடங்களுக்கு, பிரார்த்தனையே சேவை. மடம் சாகாது, சிறுவயது வாரிசை விட்டுப்போகாது, குற்றத்தில் சிக்காது. ஆகவே மடத்துக்குப் போன நிலத்திலிருந்து பிரபுவுக்கு ரிலீஃபும் இல்லை, வார்ட்ஷிப்பும் இல்லை, எஸ்கீட்டும் இல்லை. 1279இல் ‘செத்த கை’ என்ற பொருள்படும் மார்ட்மெய்ன் சட்டம் வந்ததற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். 1290இல் க்வியா எம்ப்டோரெஸ் சட்டம் வந்தபின், சுதந்திர நிலத்தை முழு உரிமையோடு விற்பவர் தனக்குக் கீழே புதுப்படி உருவாக்க முடியாது. வாங்குபவர் விற்றவரின் இடத்தில் உட்காருவார். 1290க்குப் பிந்தைய ஆவணத்தில் அடுக்கு நீளுவதாகப் படித்தால், மறுபடி ஒருமுறை படியுங்கள்.

5. மேனரை வரைந்து பாருங்கள்

மேனரைக் கிராமம் என்று எழுதினால் தவறு. ஒரு கிராமத்தில் இரண்டு மூன்று மேனர்கள் இருக்கலாம், ஒரு மேனர் பல கிராமங்களில் சிதறியிருக்கலாம். அது ஒரு நிர்வாக அலகு, ஒரு மன்றம்.

ஒரு தாளில் மூன்று பகுதி வரையுங்கள். முதலாவது பிரபுவின் நேரடிச் சாகுபடி நிலம். ஆங்கிலத்தில் நடுவில் ஒலிக்காத எழுத்தோடு எழுதி டிமேன் என்று உச்சரிப்பார்கள். நம் ஊர்ப் பண்ணை என்ற சொல் இந்தப் பகுதிக்கு மட்டும் பொருந்தும், மேனர் முழுமைக்கும் அல்ல. இரண்டாவது குடியானவர் நிலம். மூன்றாவது மேய்ச்சல், காடு, புல்வெளி. முதல் இரண்டும் வேலி போட்டுப் பிரிந்திருக்கும் என்று எண்ணவேண்டாம். பல ஊர்களில் பிரபுவின் பட்டையும் குடியானவரின் பட்டையும் ஒரே திறந்த வயலில் மாறிமாறிக் கிடந்தன.

அளவுகள்: ஹைட் என்பது வழக்கத்தில் 120 ஏக்கர், அதில் கால் விர்கேட் 30 ஏக்கர், அதில் பாதி போவேட் 15 ஏக்கர். ஒரு ஏக்கருக்குரிய வடிவம் 220 கஜ நீளம், 22 கஜ அகலம். உழவுமாடு திரும்பாமல் போகும் நீளமே அந்த 220 கஜம். ஆனால் ஏக்கர் ஊருக்கு ஊர் மாறியது, டூம்ஸ்டேயின் ஹைட்டோ வரி விதிக்கும் அலகு. ஹைட்டை 120ஆல் பெருக்கி ஊரின் பரப்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எவரேனும் எழுதியிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

6. ஆள் நிலையையும் நில நிலையையும் தனித்தனியே குறியுங்கள்

இது நுட்பமான இடம், அவசரப்படாதீர்கள். வில்லெய்னேஜ் என்பது ஆளுக்கும் வரும், நிலத்துக்கும் வரும். சுதந்திரமான ஒருவர் வில்லெய்ன் நிலத்தை எடுத்துக்கொண்டால் அந்த நிலத்துக்குரிய வேலைகளைச் செய்யவேண்டும், ஆனால் அவர் ஆள் சுதந்திரமானவரே. பிறப்பால் கட்டுண்டவரை நேட்டிவுஸ் என்று எழுதுவார்கள். ஒருவர் எந்த வகை என்று மன்றத்தில் தகராறு வந்தால் ‘மகள் கல்யாணத்துக்கு மெர்செட் கட்டினாரா?’ என்பது முதல் கேள்விகளில் ஒன்று.

செர்ஃபை (இங்கிலாந்தில் வில்லெய்ன்) அடிமை என்று எழுதுவதும் தப்பு, குத்தகைக்காரர் என்று எழுதுவதும் தப்பு. அவருக்கு வீடு, மாடு, குடும்பம், பரம்பரையாக உழும் நிலம் எல்லாம் உண்டு. ஆனால் பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. சலுகை பெற்ற நகரமொன்றில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்தால் விடுதலை கிடைக்கக்கூடும். அந்த எண்ணை நினைவில் வையுங்கள். இந்தச் சமூகத்தில் அடிக்கடி வரும் கெடு அது.

7. கீழ் ஏணியின் செலவுக் கணக்கு

முதலில் வார வேலை. முழு விர்கேட் வைத்திருக்கும் வில்லெய்னுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் பிரபு நிலத்தில் வேலை என்பது பரவலான அளவு. கூலியில்லாக் கட்டாய வேலைக்கு நம் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்ற சொற்கள் உண்டு. ஆனால் வெட்டி வேலை என்று இன்று எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார், கட்டாய வேலை என்றே எழுதுங்கள். கணக்கில் ‘ஒரு வேலை’ என்றிருந்தால் முழுநாள் என்று கொள்ளாதீர்கள். பல மேனர்களில் அது மதியம்வரைதான்.

அறுவடைக்கு வருவது பூன் வேலை. பெயரளவில் பிரியத்தில் செய்யும் உதவி, நடப்பில் கட்டாயம். ஆனால் சாப்பாடு பிரபுவுடையது. பியர் ஊற்றும் நாளுக்கும் தண்ணீர் மட்டும் கொடுக்கும் நாளுக்கும் தனித்தனிப் பெயரே வைத்திருந்தார்கள். வழக்கப் பதிவேட்டில் ரொட்டி எத்தனை, மீனா இறைச்சியா என்பதுவரை எழுதியிருக்கும் பத்திகளை விட்டுவிடாதீர்கள். பேரம் நடந்த இடம் அது.

பிறகு காசுகள். ஹேரியட், குடியானவர் இறந்தால் வீட்டின் சிறந்த மாடு பிரபுவுக்கு. அடுத்த சிறந்த மாடு மார்ச்சுவரி என்ற பெயரில் தேவாலயத்துக்குப் போகக்கூடும், பிணவறை அல்ல. மெர்செட், மகள் மணத்துக்கு. லெயர்வைட், மணமாகாத பெண் உறவு கொண்டதாகச் சொல்லி வாங்கும் தொகை. செவேஜ், மேனருக்கு வெளியே வாழ ஆண்டுதோறும் கட்டுவது. டாலேஜ், பிரபு கேட்கும்போது கட்டும் வரி. ஆலையில் அரைத்தால் மல்ச்சர். தானியத்தில் 16இல் ஒரு பங்கு, 24இல் ஒரு பங்கு என ஊருக்கும் ஆள்நிலைக்கும் ஏற்ப மாறும். இவற்றோடு தேவாலயத்துக்கு டைத், விளைச்சலில் பத்தில் ஒன்று. டைத் பிரபுவுக்குரியது அல்ல என்பதால் மேனர் கணக்கில் வருமானமாகத் தெரியாது. குடியானவரின் மொத்தச் சுமையைக் கூட்டும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

8. எந்த ஆவணத்தில் எந்தச் சொல்

கோர்ட் ரோல் மேனர் மன்றத்தின் பதிவு. 1240கள் முதல் கிடைக்கிறது. மன்றம் பல இடங்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடும். பன்னிரண்டு வயது தாண்டிய ஆண்கள் ஒருவருக்கொருவர் பிணையாக நிற்கும் ஃப்ராங்க்ப்ளெட்ஜ் பார்வை ஆண்டுக்கு இருமுறை.

கணக்குச் சுருள் மைக்கேல்மஸ் எனும் செப்டம்பர் 29இல் தொடங்கி அடுத்த மைக்கேல்மஸில் முடியும். கணக்கு ஒப்புவிப்பவர் ரீவ் (வில்லெய்ன்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்) அல்லது பெய்லிஃப் (பிரபு நியமித்தவர்). புதியவர்கள் எல்லோரும் இதில் செய்யும் பிழை, கடைசி வரியை லாபமாக எடுத்துக்கொள்வது. அது லாபமல்ல. ரீவ் பிரபுவுக்கு இன்னும் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்ற பாக்கி. வரவுப் பக்கத்தில் ‘விற்ற வேலைகள்’ என்றிருந்தால் குடியானவர் உழைப்பை விற்றார் என்றும் பொருளல்ல. அந்த வேலையைச் செய்யாமலிருக்க அவர் காசு கட்டினார்.

எக்ஸ்டென்ட் மேனரின் மதிப்பீடு, கஸ்ட்யுமல் குடிகளின் கடமைப் பட்டியல். கஸ்ட்யுமல் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும். செய்தார்களா என்பதைக் கோர்ட் ரோல் சொல்லும். ஒன்றை மட்டும் படித்து முடிவுக்கு வராதீர்கள்.

டூம்ஸ்டே வாய்பாடாக ஓடும்: இன்னார் இன்னாரிடமிருந்து இதை வைத்திருக்கிறார், எட்வர்ட் அரசர் காலத்தில் இத்தனை ஹைட்டுக்கு வரி கட்டியது, இத்தனை ஏருக்கு நிலம், டிமேனில் இத்தனை ஏர், வில்லானி, போர்டாரி (சிறு நிலக் குடியானவர்கள்), செர்வி இத்தனை பேர், ஆலை, புல்வெளி, அன்று மதிப்பு, இன்று மதிப்பு. பத்துப் பதிவு படித்தால் கண் தானாகப் போகும். எண்ணப்பட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள், எல்லா ஆட்களும் அல்ல.

எங்கே என்ன சுருள் இருக்கிறது என்பதை இங்கிலாந்தின் மேனர் ஆவணப் பதிவேட்டில் இணையத்திலேயே கட்டணமின்றித் தேடலாம். மூல ஆவணங்கள் 1733வரை பெரும்பாலும் சுருக்கெழுத்து லத்தீனில் இருக்கும், ஆகவே அச்சிட்ட மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்குங்கள்.

9. நாணயம், எண், தேதி

1 பவுண்டு 20 ஷில்லிங், 1 ஷில்லிங் 12 பென்னி. மார்க் 13 ஷில்லிங் 4 பென்னி, அதாவது 160 பென்னி. 1300இல் கையில் புழங்கியது பென்னியும் அதன் அரை, கால் காசுகளும்தான். பவுண்டு, ஷில்லிங், மார்க் எல்லாம் கணக்கு எழுத மட்டும். 6 ஷில்லிங் 8 பென்னி என்று அடிக்கடி வருவது விசித்திரமான தொகை அல்ல, அரை மார்க்.

நான்கைக் குறிக்க நான்கு கோடிட்டுக் கடைசிக் கோட்டை வால்போல் நீட்டுவார்கள். அதன்மேல் இருபதின் குறி சிறிதாக இருந்தால் நாலு இருபது, எண்பது. ஆடு, முட்டை, மீன் எண்ணும் இடங்களில் ‘நூறு’ என்பது 120ஆக இருக்கக்கூடும். கூட்டல் இடித்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

ஆண்டு அரசர் ஆட்சியால் எழுதப்படும். முதலாம் எட்வர்டின் ஆட்சியாண்டு 1272 நவம்பர் 20இல் தொடங்குகிறது. ஆக அவருடைய 18ஆம் ஆண்டு 1289 நவம்பர் 20 முதல் 1290 நவம்பர் 19 வரை. கிறிஸ்து ஆண்டு எழுதியிருந்தாலும் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1348 பிப்ரவரி 10 என்று மூலத்தில் இருந்தால் நம் கணக்கில் 1349. கொள்ளைநோய்க் காலத்தின் சாவுகளை வரிசைப்படுத்தும்போது இந்த ஓராண்டு எல்லாவற்றையும் புரட்டிவிடும்.

10. ஏமாற்றும் சொற்கள்

டெனன்ட்: வாடகைதாரர் அல்ல, ‘வைத்திருப்பவர்’. ஏர்லும் டெனன்ட்தான். ஹானர்: கௌரவம் அல்ல, ஒரு பெரிய பிரபுவின் நிலத் தொகுதி. ஃபார்ம்: நிலையான ஆண்டுத்தொகை, அதைக் கட்டி எடுப்பவர் ஃபார்மர், நம் சொல்லில் குத்தகைதாரர். ஹண்ட்ரட்: மாவட்டத்தின் உட்பிரிவு. கார்ன்: தானியம், மக்காச்சோளம் அல்ல, அமெரிக்கா தெரியவந்தபின் வந்த பயிர் 1300இல் எப்படி விளையும்? ஹோமேஜ்: மேனர் மன்றத்தில் இதே சொல் கூடியிருக்கும் குடிகளின் குழுவையும் குறிக்கும். ஃபைன்: இருதரப்பு உடன்பாட்டில் முடிந்த தொகை. குற்றத்துக்குக் கட்டுவது அமர்ஸ்மென்ட்.

11. இப்போது ஒரு பதிவைப் படியுங்கள்

பயிற்சிக்காக, கோர்ட் ரோல் நடையில் அமைத்த பதிவு: “பிரபுவிடமிருந்து அரை விர்கேட் நிலத்தை வில்லெய்னேஜில் வைத்திருந்த இன்னான் இறந்தான். ஹேரியட் ஒரு பசு, மதிப்பு 5 ஷில்லிங். அவன் மகன் வந்து நிலத்தைக் கேட்கிறான். பிரபுவின் விருப்பப்படியும் மேனர் வழக்கப்படியும் அவனுக்குச் சீசின் கொடுக்கப்பட்டது. ஃபைன் அரை மார்க். ஃபீல்ட்டி செய்தான். மன்றத்துக்கு வராததற்காக அவன் அண்டை வீட்டான் மெர்ஸியில், 3 பென்னி.”

கட்டங்களை நிரப்புங்கள். அரை விர்கேட், ஏறத்தாழ 15 ஏக்கர். ஹேரியட் இறந்தவன் வீட்டிலிருந்து பிரபுவுக்கு, சாவின்போது. ஃபைன் மகனிடமிருந்து பிரபுவுக்கு, நுழையும்போது, 80 பென்னி. பசுவின் 60 பென்னியையும் சேர்த்தால் 140. ஒன்றரை பென்னிக் கூலியில் 93 நாளுக்கு மேல். ஃபீல்ட்டி மட்டும்தான், ஹோமேஜ் இல்லை; கீழ் ஏணி. நிலத்தின் நிலை வில்லெய்னேஜ் என்று எழுதியிருக்கிறது, மகன் ஆளாகச் சுதந்திரமானவனா என்பது இந்தப் பதிவில் இல்லை. அவன் தங்கைக்கு மெர்செட் கட்டிய பதிவு அடுத்த சுருள்களில் வருகிறதா என்று தேடவேண்டும். ‘மெர்ஸியில்’ என்பது கருணை அல்ல, அமர்ஸ்மென்ட். அந்த 3 பென்னிதான் இந்தப் பதிவிலேயே அபராதம் என்று மொழிபெயர்க்கத்தக்க ஒரே தொகை.